மகள் வெட்டிய மூன்றாவது அணி

சட்டன், ஐக்கிய இராச்சியம்,
மாசி மாதக் கடைசி ஞாயிறு.

பேர்கனில் இருக்கும் என் அன்பின் கமலாம்பிகை அக்காவுக்கு,

தம்பி ஞானேஸ்வரன் எழுதுவது. இங்கே நான் நலம். கலாவதி நலம். லக்‌ஷன் நலம். தாரகா நலமாக இருக்கிறாள் என்று லக்‌ஷன் சொல்கிறான். உங்கள் ஊரில் பனி குறைந்து, உங்களுக்கு முழங்கால் நோவும் அத்தானுக்கு இருமலும் தணிந்து, நீங்கள் நேர்ந்த தெய்வமெல்லாம் கூடவே நிற்கட்டும்.

தாரகாவின் நலத்தை நான் ஏன் லக்‌ஷனிடம் கேட்டு எழுதுகிறேன் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போடுவீர்கள். அத்தான் பக்கத்திலிருந்து சிரிப்பார். கடிதத்தை ஸ்பீக்கரில் போட ஏலாது.

சுருக்கமாக எழுதுகிறேன். நான் ஒஸ்லோவில் இருந்த காலத்திலேயே என் கடிதங்கள் நீளம் என்று சொன்னவர் நீங்கள்.

தாரகா என்னோடு கதைப்பதில்லை. இன்றோடு பத்தொன்பது நாள். வீட்டிலும் இல்லை. நோர்பரியில் மேனுஷா என்ற சிநேகிதியின் அறையில் இருக்கிறாள்.

காரணம் கரப்பந்து.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகம் என்பது உங்களுக்குத் தெரியும். தாரகா மூன்றாம் வருடம். லக்‌ஷன் முதலாம் வருடம். அங்கே ஆண்களுக்கு மூன்று கரப்பந்து அணிகள். லக்‌ஷன் மூன்றாவது அணி. மூன்றாவது என்றால் கடைசி. இந்த வருடம் அவர்கள் ஒரு ஆட்டம் வென்றார்கள். எதிரணியின் பஸ் வரவில்லை. அந்த வெற்றியைப் பற்றி எங்கள் விளையாட்டுக் கழக மலரில் நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

புதன்கிழமைகளில் ஆட்டம். புதன் மத்தியானம் யாருடைய குளியலறையாக இருந்தாலும் சரி, தரைக்கு ஓடு பாதி பதித்தபடியே விட்டுவிட்டு வான் வண்டியை எடுப்பேன். கலாவதி செய்து தந்த ரோல்ஸ் ஒரு பெட்டி. தோய்த்து மடித்த ஜேர்சி ஒரு பை. பந்துகள் ஒரு பை. பக்கத்தில் லக்‌ஷன், அவனுக்குப் பக்கத்தில் தாரகா. அவளுக்கும் அங்கே ஏதோ வேலை இருக்கும். என்ன வேலை என்று கேட்டதில்லை. பெல்ற் போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்ப்பேன்.

தை மாதம் ஒரு விதி வந்தது.

ஆண்களுக்கு எத்தனை அணியோ பெண்களுக்கும் அத்தனை. ஆண்களுக்கு மண்டபம் எத்தனை மணித்தியாலமோ பெண்களுக்கும் அத்தனை. நல்ல விதி. ஆனால் மண்டபம் ஒன்றுதான். பெண்களுக்கு இருந்தது ஒரே ஒரு அணி; அதற்கும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பாதி மண்டபம். மற்றப் பாதியில் பூப்பந்து. ஆகவே ஆண்களின் மூன்றாவது அணியை வெட்டி, அந்த நேரத்தைப் பெண்களின் இரண்டாவது அணிக்குக் கொடுப்பதென்று முடிவு. லக்‌ஷனுக்கு வந்த மின்னஞ்சலை அவன் எனக்குக் காட்டினான். கீழே பெயர் இல்லை. மாணவர் சமத்துவப் பொறுப்பாளர் என்று மட்டும் இருந்தது.

லக்‌ஷன் மின்னஞ்சலைக் காட்டிவிட்டுத் தன் பாட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் இளம்பரிதி விளையாட்டுக் கழகத்தின் ஐக்கிய இராச்சியக் கிளைக்குச் செயலாளர். தலைமைக் கழகம் எங்கே இருக்கிறது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. கிளை மட்டும் இருக்கிறது. கடிதத் தாள் இருக்கிறது. முத்திரை இருக்கிறது. தலைவராக, நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்பலவாணன் அண்ணை இருக்கிறார். கடிதத் தாளும் முத்திரையும் கையில் இருக்கிற ஒரு தமிழன் ஒரு அநியாயத்தைக் கண்டால் என்ன செய்வான். முறைப்பாடு எழுதுவான்.

கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளின் மேல் இருந்து இரண்டு பின்னேரம் எழுதினோம். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். அண்ணை வாசித்துப் பார்த்தார்.

"தம்பி, உது காணாது. கொஞ்சம் காரமாப் போடும்."

"என்னெண்டண்ணை போடுறது?"

"இதை எழுதின ஆள் வாழ்நாளிலை ஒருக்காலும் பந்தைத் தொட்டிருக்காது எண்டு போடும்."

"ஆர் எண்டு தெரியாமலோ?"

"ஆர் எண்டு தெரிஞ்சால் எப்பிடித் தம்பி காரமா எழுதுறது?"

போட்டேன். அந்த ஒரு வரி மட்டும் அவருடையது. கையெழுத்து என்னுடையது.

ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. மரியாதையான பதில். குழு கூடும் நாளில் வரலாம், ஐந்து நிமிடம் பேசலாம் என்று இருந்தது. வெறுங்கையோடு போவதா என்று அண்ணை கேட்டார். ஒரு காரியமாகப் பெரிய ஆட்களைப் பார்க்கப் போகும்போது பொன்னாடை இல்லாமல் போகிற வழக்கம் எங்கள் கழகத்துக்கு இல்லை. கவுன்சிலருக்குப் போர்த்தியிருக்கிறோம். தீயணைப்பு நிலைய அதிகாரிக்குப் போர்த்தியிருக்கிறோம். மணி அடித்ததும் அவர் அதோடேயே வாகனத்தில் ஏறிப் போனார். ஆகவே ஈஸ்ட் ஹாமுக்குப் போய், ஹை ஸ்ரீற்றில் சேலைக்கடைக்காரியிடம் பேரம் பேசி, சிவப்பில் சரிகை வைத்த ஒன்று வாங்கினோம். ஒன்றுதான் வாங்கினோம். பெரியவர் ஒருவர்தானே இருப்பார்.

இனி எழுதப்போவதை அத்தானுக்கு வாசிக்க வேண்டாம்.

நாங்கள் போனபோது அறையில் இரண்டு பேர். ஒரு ஆண், நரைத்த தலை, கழுத்துப்பட்டி, முன்னால் மடிக்கணினி. ஒரு பெண், ட்ரக் சூட் போட்டுக்கொண்டு கதிரைகளை இழுத்து வட்டமாக வைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை யோசிக்கிறேன். அம்பலவாணன் அண்ணை பையைத் திறந்தார், நான் பொன்னாடையை உதறி விரித்தேன், இரண்டு அடி எடுத்து வைத்து நரைத்த தலைக்காரருக்குப் போர்த்தினேன், கும்பிட்டேன், அண்ணை படம் எடுத்தார், வெளிச்சம் காணாது என்று திரும்பவும் எடுத்தார், அந்த மனிதர் சிவந்துபோய் எழுந்து நின்றார், ட்ரக் சூட் பெண் கதிரையை விட்டுவிட்டுக் கை தட்டினார், தட்டி முடித்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னார், விளையாட்டுத் துறையின் பணிப்பாளர் தான்தான் என்றார், பொன்னாடைக்குள் நிற்பவர் குறிப்பெடுக்க வந்தவர் என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அம்பலவாணன் அண்ணை என் காதுக்குள் சொன்னார்.

"பறவாயில்லை. கழட்டி அவவுக்குப் போடும்."

"போட்டதைக் கழட்டுறதோண்ணை?"

"அவருக்கென்ன தெரியும். இவையளின்ரை வழக்கம் எண்டு நினைப்பார்."

கழற்றப் போனேன். அவர் விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடம் பிறர் பேசியதை எழுதியிருப்பார். ஒருவரும் ஒன்றும் போர்த்தியிருக்க மாட்டார்கள். கூட்டம் முடியும்வரை சரிகைக்குள் இருந்தே தட்டச்சு செய்தார்.

குழு உறுப்பினர்கள் நாலு பேர் வந்து அமர்ந்தார்கள். கடைசியாகத் தாரகா வந்தாள். கையில் கோப்பு. தம்பிக்காகப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினேன். அவள் போய்ப் பணிப்பாளருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மாணவர் சமத்துவப் பொறுப்பாளர் இவர்தான் என்றார் பணிப்பாளர். முடிவை எழுதியவர் இவர்தான்.

அக்கா, அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அவள் தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். அது மட்டும் நினைவிருக்கிறது.

முறைப்பாட்டைக் குழுவுக்கு வாசித்துக் காட்டுவது அங்கே வழக்கம். வாசிப்பது பொறுப்பாளரின் வேலை. என் மகள் என் கடிதத்தை எனக்கு வாசித்தாள். தெளிவான ஆங்கிலம். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. இதை எழுதியவர் வாழ்நாளில் பந்தைத் தொட்டிராதவர் என்ற இடத்திலும் ஒரே குரல்தான். அம்பலவாணன் அண்ணை தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்கு ஐந்து நிமிடம். பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. பணிப்பாளர் உதவி செய்வதுபோல ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கழகத்தில் பெண்களுக்கு என்னென்ன விளையாட்டு இருக்கிறது என்று. உண்மையைச் சொன்னேன். வருடாந்த விளையாட்டு விழாவில் சங்கீதக் கதிரை இருக்கிறது. கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுவது இருக்கிறது. தேசிக்காய் எங்கே வைப்பது என்று குறிப்பெடுப்பவர் கேட்டார். கரண்டியில், கரண்டி வாயில் என்றேன். கை எங்கே என்றார். முதுகுக்குப் பின்னால் என்றேன். எழுந்து நடந்தும் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதற்குப் போனது. அந்த நேரம் ஆண்கள் என்ன செய்வார்கள் என்று பணிப்பாளர் கேட்டார். விசில் வைத்திருப்போம் என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டம்.

வாக்கெடுப்பு. நாலு கையும் முடிவுக்கு ஆதரவு. தாரகா கை தூக்கவில்லை. முறைப்பாட்டாளர் எனக்கு உறவு, ஆகவே வாக்களிப்பதிலிருந்து ஒதுங்குகிறேன் என்றாள். அந்த அறையில் அவள் என்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒரு சொல்தான். உறவு.

வெளியே நடையில் அவளைப் பிடித்தேன்.

"பிள்ளை, நீயெண்டு தெரிஞ்சிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டன்."

"அதுதானப்பா பிரச்சினை."

அவ்வளவுதான். படியிறங்கிப் போனாள். அன்று வீட்டுக்கு வரவில்லை. தமக்கையின் உடுப்புகளை லக்‌ஷன் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் நோர்பரியில் கொடுத்தான். நான் ஏற்றிப்போகிறேன் என்றேன். பஸ்ஸில் போகிறேன் என்றான்.

அன்று கலாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னாடையையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன்.

"உங்களுக்கு உண்மையா தெரியாதே?"

"என்னத்தை?"

"அவள் அங்கை பொம்பிளையளின்ரை ரீமுக்கு வைஸ் கப்டன். ரெண்டு வருசமா விளையாடுறாள். ஞாயிறு காலமை பஸ் எடுத்துப் போறவள். நீங்கள் அப்ப நித்திரை."

"எனக்கொருத்தரும் சொல்லேல்லையே."

லக்‌ஷன் மாடிப்படியில் இருந்து சொன்னான்.

"சொன்னவ அப்பா. ட்ராபிக் லைற்ஸிலை நிக்கேக்கை. நானும் வானுக்குள்ளை இருந்தனான். சமத்துவப் பொறுப்பாளர் எலெக்ஷன் வெண்டிட்டன் எண்டு சொன்னவ. நீங்கள் நல்லது பிள்ளை, பெல்ற்றைப் போடு எண்டனீங்கள்."

"அது ஒருக்கா."

"வைஸ் கப்டன் எண்டதை வேறொரு நாள் சொன்னவ. அண்டைக்கும் பெல்ற்தான்."

கலாவதி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"உங்களை மட்டும் சொல்ல ஏலாது. புதனுக்குப் புதன் ஊர்ப் பொடியளுக்கெல்லாம் ரோல்ஸ் உருட்டினனான். ஞாயிற்றுக்கிழமை என்ரை பிள்ளை வெறும் தேத்தண்ணியோடை போனவள். நானும் எழும்பேல்லை."

இன்னொன்றும் பிறகுதான் தெரிந்தது. முறைப்பாடு போன நாளிலிருந்தே அவளுக்குத் தெரியுமாம். ஒரு கிழமை என் எதிரில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள், இப்ப நினைவு வருகிறது: "அப்பா, கழகத்திலை என்ன புதினம்?" ஒன்றுமில்லை என்றேன். உப்பை எடு என்றேன். எடுத்துத் தந்தாள்.

அக்கா, அவள் வாசல் திறந்து வைத்திருக்கிறாள். நான் உப்புக் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் இப்போது பல்கலைக்கழகத்தின் விதி நடக்கிறது. கலாவதி கொண்டுவந்தாள். குழுவும் இல்லை, ஐந்து நிமிடமும் இல்லை. "கழகம் கழகம் எண்டு கிழமைக்கு மூண்டு நாள் போறியள். நான் கோயிலுக்கு ஒரு நாள். ரெண்டையும் சமப்படுத்த வேணும்," என்றாள். "நீரும் அவளோடை சேர்ந்திட்டீரோ?" என்றேன். "பிந்திச் சேர்ந்தனான்," என்றாள். வியாழக்கிழமைக் கழகக் கூட்டம் வெட்டப்பட்டு, அந்த நாள் அவளுடைய கோயிலுக்குப் போனது. வியாழன் இடியப்பம் என் பொறுப்பு. முதல் வியாழன் மா இறுகி, இடியப்ப உரலின் கைபிடி முறிந்து, கழுவுதொட்டிக்கு மேல் இருந்த என் கையாலேயே பதித்த ஓட்டில் அடித்து, ஓடு வெடித்து, வெடித்த ஓட்டை மாற்றுவதற்குப் பக்கத்து ஓட்டையும் கழற்ற வேண்டி வந்து, கடைசியில் மூன்று பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். நாலாவது கதிரையை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்ததை எல்லோரும் பார்த்தோம்.

மூன்றாவது அணி போனதில் லக்‌ஷன் உடைந்துபோயிருப்பான் என்று நினைத்தேன். போன கிழமை அவனை வானில் வைத்துத் தேற்றினேன். உனக்கொரு வழி செய்வேன், நோர்பரியில் ஒரு மண்டபம் இருக்கிறது, அம்பலவாணன் அண்ணையோடு கதைத்திருக்கிறேன் என்றேன். 

"அப்பா, கோவிக்கப்படாது."

"சொல்லு."

"எனக்கு வொலிபோல் விருப்பமில்லை."

"எப்பேலேயிருந்து?"

"முதலேயிருந்து. நீங்கள் புதன்கிழமையிலை சந்தோசமா இருந்தனீங்கள். அதுதான்."

அவன் இப்போது செயற்கைச் சுவரில் ஏறுகிற கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். ஆணும் பெண்ணும் ஒரே சுவர். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறான்.

ஆக, அக்கா, அந்த மூன்றாவது அணி ஒரேயொரு ஆளுக்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் மாணவனும் இல்லை. மகன் எனக்காக விருப்பமில்லாத ஒன்றை விளையாடினான். மகள் எனக்குத் தெரியாமல் விருப்பமான ஒன்றை விளையாடினாள். தெரியாமல் என்பதும் பிழை. தெரிவித்துவிட்டு விளையாடினாள்.

தாரகாவுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். எடுக்கவில்லை. மன்னிப்பு என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. அந்தச் சொல்லை அனுப்பிவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளுடைய விதிப்படி, சொல்லைக் கொடுத்தால் நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகள் ஒருவரிடம் வாயடங்கினார்கள் என்றால் அது மாமி உங்களிடம்தான். வருகிற ஞாயிறு தாரகாவுக்குப் போன் எடுங்கள். அப்பா மெலிந்துபோனார் என்று சொல்லுங்கள். நான் மெலியவில்லை, ஆனாலும் சொல்லுங்கள். அந்த முறைப்பாடு முழுவதையும் எழுதியது அம்பலவாணன் அண்ணை, அப்பா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். ஒரு வரி அவருடையதுதானே. மிச்சத்தை நீங்கள் கூட்டிச் சொன்னால் பெரிய பாவம் வராது. வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அதை முதலில் சொன்னாலும் சரி, கடைசியில் சொன்னாலும் சரி, சொல்லுங்கள்.

வேறு புதினம் இல்லை. உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் எரியட்டும். பேரப்பிள்ளைகளின் தலையில் என் கையையும் சேர்த்து வையுங்கள். அத்தானின் சிரிப்பு நீண்டநாள் நிலைக்கட்டும், இந்தக் கடிதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட, மற்றவர்கள் சொல்வதைக் கேட்காத,
தம்பி ஞானேஸ்வரன்.

பி.கு.: அக்கா, தாரகாவுக்குப் போன் எடுக்க வேண்டாம்.

கடிதத்தை ஒட்டி வானுக்குள் வைத்தேன். ஒரு கிழமையாக அது அங்கேயே இருந்தது. இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். முழுவதையும் கிழித்திருக்கலாம். ஆனால் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிப் பல வருடங்கள்.

இன்று பெண்களின் முதலாவது அணிக்கு ஆட்டம். ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். கலாவதி காலையில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நான் போறன். வாறதெண்டால் வாங்கோ," என்றாள். போனேன். பின்சுவரோடு நின்றேன். பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். நான், கலாவதி, எதிரணிப் பிள்ளை ஒன்றின் சிநேகிதன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோட்டுக்குக் கொடி பிடிக்க ஆள் காணாது. நடுவர் ஒரு இளம் பெண். என்னிடம் வந்தார். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கொடியை மேலே தூக்க வேண்டும், உள்ளே விழுந்தால் கீழே காட்ட வேண்டும் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். இரண்டு அணிகளில் எதிலாவது உங்களுக்கு உறவு இருக்கிறதா என்று கேட்டார்.

என்ன சொல்வது. இருபத்தாறு நாள் கதைக்காத ஒரு உறவு.

தாரகா வலைக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நடுவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். என் அப்பா. அவர் சரியாகச் சொல்லுவார், பயப்பட வேண்டாம் என்று. எதிரணியும் சரி என்றது.

அவள் விளையாடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. இரண்டு வருடம் விளையாடுகிறாள். எப்படி விளையாடுகிறாள் என்று எழுத மாட்டேன். ஒன்றரைப் பக்கம் காணாது.

ஐந்தாவது செற். பதினாலு அவர்களுக்கு, பதின்மூன்று எங்களுக்கு. பந்து உயர்ந்து வந்தது. தாரகா எழும்பி அடித்தாள். வலையைத் தாண்டி, குறுக்கே, நான் நின்ற மூலைக்கு வந்தது. என் காலடியில் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு விரல் வெளியே.

கொடியைக் கீழே காட்டினால் ஆட்டம் தொடரும். அவள் சந்தோசப்படுவாள். ஒருவருக்கும் தெரியாது. இதையெல்லாம் நினைக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால் மகள் என்பதற்காகக் கீழே காட்டினால், அது அவள் பந்தைத் தொட்டதில்லை என்று திரும்பவும் எழுதிக் கொடுப்பது.

கொடியை மேலே தூக்கினேன். ஆட்டம் முடிந்தது. தோற்றோம்.

கை கொடுத்து முடிந்ததும் நேரே என்னிடம் வந்தாள். முகம் சிவந்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டி.

"அப்பா, அது உள்ளுக்கை."

"இல்லைப் பிள்ளை. வெளியிலை."

"கோட்டிலை பட்டது. நான் பாத்தனான்."

"நீ அந்தரத்திலை நிண்டனீ. நான் கோட்டடியிலை நிண்டனான்."

"உங்களுக்குக் கண் சரியில்லை."

"ரெண்டு விரல் வெளியிலை."

"ஒரு விரல் உள்ளுக்கை."

"எந்த விரல்?" என்றேன். விரலைக் காட்டினாள். கலாவதி இரண்டு பேரையும் வானுக்குள் தள்ளினாள்.

நோர்பரி வந்தது. வானை மெதுவாக்கினேன். அவள் கண்ணாடியில் ஆவி ஊதி, விரலால் கோடு கீறி, பந்து விழுந்த இடத்தைத் தாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்பலவாணன் அண்ணையின் கடை போனது. மேனுஷாவின் தெரு போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதாவது, அவள் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது கீழே குசினியில் லக்‌ஷனுக்கு விளங்கப்படுத்துகிறாள். மேலே இருந்து எழுதுகிற எனக்கும் கேட்க வேண்டுமென்று சத்தமாகச் சொல்கிறாள். அது வெளியேதான் அக்கா. இரண்டு விரல். என்னிடம் இன்னும் எத்தனையோ நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப்போவதில்லை.